அத்தியாயம் 6: மோதிரத்தின் பின்புறம்

மொனராகலையிலோ பதுளையிலோ பழைய ஆங்கிலேய மோதிரம் ஒன்று கைமாறும்போது அதோடு ஒரு கதையும் கைமாறும். துரை பங்களாவில் இருந்தது, துரைசாணி ஊருக்குப் போகும்போது ஆயாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது, ஜார்ஜ் மன்னர் காலத்தது, இருநூறு வருடப் பழசு. கதை உண்மையாகவும் இருக்கலாம். கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கண் மோதிரத்தில் இருக்கட்டும், அதிலும் முகப்பைவிடப் பின்புறத்தில். முகப்பைப் பார்த்து ஆசைப்படலாம். ஜார்ஜியன் கால மோதிரத்தின் வயதையும் அதைச் செய்தவரின் கைத்திறனையும் அறிய வேண்டுமானால் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

ஆண்டுக் கணக்கை முதலில் சரிசெய்துகொள்வோம். முதலாம் ஜார்ஜ் இங்கிலாந்தின் அரியணை ஏறிய 1714 முதல் விக்டோரியா அரசியான 1837 வரையுள்ள காலத்தைத்தான் நகை உலகம் ஜார்ஜியன் காலம் என்கிறது. நான்கு ஜார்ஜ்களுக்குப் பின் வந்த நான்காம் வில்லியத்தின் ஆட்சியும் இதில் அடங்கும். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில், பதுளையும் மொனராகலையும் அடங்கும் இந்த ஊவாவில் ஆங்கிலேயர் எவரும் இல்லை. 1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை இது கண்டி அரசனின் நாடு. இரண்டே ஆண்டுகளில், 1817 இல், ஊவாவும் வெல்லஸ்ஸவும் கிளர்ந்தெழுந்தன. அடுத்த ஆண்டு கிளர்ச்சி அடக்கப்பட்டு, அதன் தலைவர் கெப்பெட்டிபொல திசாவ நவம்பரில் கண்டியில் தலை வெட்டப்பட்டார். இன்றைய மொனராகலை மாவட்டத்தில் அடங்கும் வெல்லஸ்ஸவின் வயல்களும் குளங்களும் அந்த அடக்குமுறையில் பாழாயின. கோப்பித் தோட்டங்கள் இந்த மலைகளில் பரவியதும், அவற்றின் பின்னே பங்களாக்களும் குடும்பங்களும் வந்ததும் பெரும்பாலும் விக்டோரியா காலத்தில். பதுளைக்கு ரயில் வந்தது 1924 இல்.

இதிலிருந்து ஒரு முடிவு தானாகக் கிடைக்கிறது. ஊவாவில் உண்மையான ஜார்ஜியன் மோதிரம் ஒன்று இருக்குமானால், அது பெரும்பாலும் பின்னாளில் வந்த ஒரு தோட்டத்துரைக் குடும்பம் தன் பாட்டி வழிச் சொத்தாகக் கொண்டுவந்ததாக இருக்க வேண்டும். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசுடைமையானபோது பல பங்களாக்களின் சாமான்கள் கைமாறின. அந்த வழியில் சில மோதிரங்கள் இங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் ‘ஜார்ஜ் காலத்தது’ என்று சொல்லப்படுவதில் மிகப் பெரும்பாலானவை விக்டோரியா காலத்தவை, அல்லது அதற்கும் பிந்தியவை, அல்லது அண்மையில் வார்த்தெடுத்த நகல்கள். வேறொரு வகையும் உண்டு. அதை நான் மிகவும் மதிக்கிறேன்: நம்முடைய பத்தர்களும் ஆசாரிகளும் செய்த மூடிய கட்டு மோதிரங்கள். அவற்றை ஆங்கிலேய மோதிரம் என்று நினைத்து விற்பவர்களும், வெறும் உள்ளூர்ச் சரக்கு என்று நினைத்து உருக்குபவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். பின்புறத்தை யாரும் பார்ப்பதில்லை.

மூடிய கட்டு

மோதிரத்தைக் கவிழ்த்துப் பிடியுங்கள். இன்றைய வைர மோதிரத்தில் கல்லின் அடிப்பக்கம் திறந்திருக்கும். விரலின் தோல்கூடத் தெரியும். ஜார்ஜியன் மோதிரங்களில் பெரும்பாலானவற்றில் அங்கே ஒரு தகடு இருக்கும். கல்லைத் தாங்கும் சின்னக் கிண்ணத்தின் அடி முழுவதும் உலோகத்தால் மூடப்பட்டிருக்கும். அந்த அடி சற்றுப் புடைத்தும், சில மோதிரங்களில் கதிர்போலக் கீறியும், சிலவற்றில் எனாமல் பூசியும் இருக்கும்.

ஏன் மூடினார்கள்? அந்தக் காலத்து விருந்து மண்டபம் மெழுகுவர்த்தியால் ஒளி பெற்றது. வைரத்தைப் பட்டை தீட்டும் கணக்கு இன்றைப்போல் வளரவில்லை. கல்லுக்குள் நுழைந்த வெளிச்சம் கீழே ஒழுகிவிடும். அதைத் தடுக்கக் கல்லுக்கு அடியில் மெல்லிய உலோகத் தகடு ஒன்றை வைத்தார்கள். நம் நகைத் தொழிலில் அதை டாக்கு என்பார்கள். வைரத்துக்கு வெள்ளி நிறத் தகடு. சிவப்புக் கல்லுக்கும் பச்சைக் கல்லுக்கும் அந்தந்த நிறம் ஏற்றிய தகடு. மங்கிய கல் அதன்மேல் அமர்ந்தால் உயிர் பெறும். தகட்டில் காற்றும் ஈரமும் பட்டால் கறுத்துவிடும் என்பதால் கிண்ணத்தை இறுக மூடினார்கள். மூடிய பின்புறம் என்பது அந்தத் தகட்டுக்குக் கட்டிய பாதுகாப்பு அறை. இதைப் புரிந்துகொண்டால், பின்னால் நான் சொல்லப்போகும் பராமரிப்பு விதிகள் எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்துவிடும்.

இதே அறிவு நம்மிடமும் இருந்தது. உங்கள் அப்பாயியின் பழைய தோட்டையோ மூக்குத்தியையோ எடுத்துப் பாருங்கள். கல்லுக்கு அடியில் டாக்கு, அதற்கு அடியில் அரக்கு, அதை மூடிய மெல்லிய தங்கத் தகடு. லண்டன் பட்டறையும் தஞ்சாவூர்ப் பட்டறையும் யாழ்ப்பாணப் பட்டறையும் விளக்கொளியில் கல்லை எப்படிப் பேசவைப்பது என்ற ஒரே கேள்விக்குத்தான் விடை தேடின. கண்டியப் பொற்கொல்லர்களின் வேலையை 1908 இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற ஆங்கில நூலில் ஆனந்த குமாரசுவாமி விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். அவர் இந்த நாட்டின் கனிமவள ஆய்வுக்குத் தலைமை வகித்தவர். கல்லையும் அறிந்தவர், கட்டையும் அறிந்தவர். இந்த மலைநாட்டு நகைகளைக் கையில் எடுப்பவர்கள் அந்த நூலின் படங்களையாவது பார்த்துவைப்பது நல்லது.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? நம் மூடிய கட்டில் முன்னும் பின்னும் ஒரே தங்கம்தான் இருக்கும். ஜார்ஜியன் வைர மோதிரத்தில் கல்லைச் சுற்றிய முகப்பு வெள்ளியிலும், பின்புறமும் வளையமும் தங்கத்திலும் இருக்கும். மஞ்சள் தங்கம் வைரத்தில் நிறம் அடிக்கும் என்பதால் முகப்புக்கு வெள்ளி; வெள்ளி விரலையும் துணியையும் கறுப்பாக்கும் என்பதால் பின்னால் தங்கம். பிளாட்டினத்தை நகையாகச் செய்யும் வசதி 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. வெள்ளைத் தங்கம் 20 ஆம் நூற்றாண்டின் சரக்கு. ஆகவே கல்லைச் சுற்றிக் கறுக்காமல் பளபளக்கும் வெள்ளை உலோகத்தைக் கண்டால், அந்த மோதிரமோ அந்த முகப்போ ஜார்ஜியன் அல்ல என்று பெரும்பாலும் சொல்லலாம். நிறமுள்ள கற்களுக்கு அவர்களும் தங்க முகப்பே வைத்தார்கள். அங்கே இந்தச் சோதனை உதவாது, அரக்கைத் தேட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பின்புறம் மூடியிருப்பது மட்டுமே ஜார்ஜியன் காலத்துக்குச் சான்று ஆகாது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நல்ல வைரங்களுக்குப் பின்புறம் திறந்த கட்டுகள் வரத் தொடங்கிவிட்டன. விக்டோரியா காலத்திலும் சிலர் மூடியே செய்தார்கள். நகல் செய்பவர்களும் இதைப் படித்தவர்கள்தான். எனவே அடுத்து உலோகத்தின் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும்.

கை பட்ட இடம்

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த நூல் முழுவதற்கும் உங்களுக்குத் தேவைப்படும் முதல் கருவி அது. கைப்பேசியின் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, மோதிரத்தை மெல்லச் சுழற்றுங்கள்.

ஜார்ஜியன் பொற்கொல்லரிடம் மின்சாரம் இல்லை. எண்ணெய் விளக்கின் சுடரை ஊதுகுழலால் வளைத்து ஊதிப் பற்றவைத்தார். துளையிட வில்லால் சுழற்றும் கருவி. பட்டறையில் உட்கார்ந்து பழகிய நம் ஆசாரிகளுக்கு இரண்டும் தெரிந்தவைதான். உருளை இயந்திரம் 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு பரவும்வரை தங்கக் கட்டியைச் சுத்தியலால் அடித்தே தகடாக்கினார்கள். அந்தத் தகட்டை நாடாவாக வெட்டி, வளைத்துக் கிண்ணமாக்கி, அடியில் இன்னொரு தகடு பற்றவைத்து, வளையத்தோடு சேர்த்து, டாக்கும் கல்லும் வைத்து, கிண்ணத்தின் விளிம்பைக் கல்லின்மேல் தேய்த்து மடித்து, கூரான உளியால் விளிம்பிலிருந்தே சின்னஞ்சிறு மணிகளைக் கிளப்பிக் கல்லைப் பிடிக்கவைத்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கை சற்று விலகும். ஒரு கிண்ணம் பக்கத்துக் கிண்ணத்தைவிட மயிரிழை பெரிதாக இருக்கும். மணிகள் சரிசமமாக இரா. வளையத்தின் தோளில் கீறிய இலைகளில் இடது இலையும் வலது இலையும் இரட்டைப் பிறவிகளாக இரா. இந்தச் சமமின்மையை நான் குறையாகப் பார்ப்பதில்லை. ஒரு மனிதர் உட்கார்ந்து செய்தார் என்பதற்கு அதைவிட நம்பகமான கையெழுத்து கிடையாது.

நகல் வேறு மாதிரி இருக்கும். அச்சில் வார்த்த உலோகத்தில் ஊசிமுனை அளவு துளைகள் தெரியும். கீறல் வேலையின் விளிம்புகள் கூர்மையின்றி மழுங்கியிருக்கும். அச்சுச் சேர்ந்த கோடு சில நேரம் வளையத்தின் உட்புறத்தில் எஞ்சியிருக்கும். பழசாகக் காட்டக் கறுப்பு ஏற்றியிருந்தால் அது எல்லாப் பள்ளத்திலும் ஒரே அடர்த்தியில் இருக்கும். உண்மையான தேய்மானம் அப்படி வராது. விரலோடு விரல் உரசும் இடத்தில் வளையம் மெலிந்திருக்கும், மேல்புறம் தடித்திருக்கும், கல்லின் விளிம்பு மணிகள் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும்.

முத்திரையை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். அக்கால இங்கிலாந்தில் சிறு நகைகள் பலவற்றுக்கு மாற்று முத்திரை கட்டாயமில்லை. பல நல்ல மோதிரங்களில் எதுவுமே இராது. முத்திரை இல்லாததைவிட, இருக்கக் கூடாத முத்திரை இருப்பதுதான் அதிகம் சொல்லும். இங்கிலாந்தில் 18 கரட் தங்கம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது 1798 இல். 15, 12, 9 கரட் தரங்கள் 1854 இல்தான் வந்தன. ஆகவே 9 அல்லது 15 என்று குத்திய மோதிரம் அந்த நான்கு ஜார்ஜ்களில் ஒருவர் முகத்தையும் பார்த்திராது. 750, 925 போன்ற எண்கள் அதற்கும் பிந்திய காலத்தவை. நாம் இன்றும் எடை சொல்லும் பவுன் அந்தக் காலத்துக் காசு: 1817 இல் மூன்றாம் ஜார்ஜ் ஆட்சியில் வெளியிட்ட சவரன், 22 கரட், ஏறத்தாழ 8 கிராம். பழைய மோதிரத்தின் தங்கத்தை மதிப்பிடும்போது இந்த 22 கரட்டை நினைவில் வைத்திருங்கள்.

தங்கம்போல் தோன்றும் ஒரு கலப்பும் அக்காலத்தில் இருந்தது. 1732 இல் இறந்த லண்டன் மணிக்கூட்டுக் கலைஞர் கிறிஸ்டோபர் பிஞ்ச்பெக் செம்பையும் துத்தநாகத்தையும் சேர்த்து உருவாக்கியது. அவர் பெயராலேயே வழங்கும் அந்த உலோகத்தில் செய்த உண்மையான ஜார்ஜியன் நகைகளுக்கு இன்று சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு உண்டு. உரைகல்லில் தங்கம் இல்லை என்று தெரிந்தவுடன் வீசிவிட வேண்டாம். சொல்லப்போனால் மெலிந்த பழைய வளையத்தை உரைகல்லில் இழுக்கவே வேண்டாம். கொழும்பில் நகையைத் தேய்க்காமல் எக்ஸ்ரே கதிரால் தங்கம் பார்க்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. அவையும் மேற்பரப்பைத்தான் படிக்கும். முலாம் பூசியிருந்தால் ஏமாறும். முன், பின், வளையம் என்று மூன்று இடத்திலும் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் மண்ணின் கல்

ஜார்ஜியன் மோதிரத்தின் வைரம் கோல்கொண்டாவிலிருந்தோ, 1720களில் கண்டுபிடிக்கப்பட்ட பிரேசில் சுரங்கங்களிலிருந்தோ வந்திருக்கும். ரோஜாப் பட்டை என்றால் அடி தட்டையாகவும், மேல் முக்கோண முகங்கள் கூடிக் கூம்பியும் இருக்கும். மற்றொரு வகையில் கல் சதுரம் மழுங்கிய வடிவில், உயரமான தலையோடு இருக்கும். நேர் மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு சிறு வட்டம் தெரியும். அது கல்லின் அடிமுனையை வெட்டிய இடம். இன்றைய கச்சிதமான வட்ட வைரத்தின் கணக்கை மார்செல் டோல்கோவ்ஸ்கி வெளியிட்டது 1919 இல். அப்படிப்பட்ட கல் ஜார்ஜியன் கட்டில் இருந்தால் பிறகு மாற்றியிருக்கிறார்கள். கண்ணாடிக் கல்லும் அக்காலத்தில் மலிவுச் சரக்காகக் கருதப்படவில்லை. 1730களில் பாரிஸில் ஜார்ஜ் பிரெடெரிக் ஸ்ட்ராஸ் ஈயம் கலந்த கண்ணாடியை வைரம்போல் பட்டை தீட்டிப் புகழ்பெற்றார். அந்தக் கண்ணாடி மோதிரங்களும் இன்று நல்ல விலை போகின்றன.

ஆனால் ஊவாவில் இருந்துகொண்டு ஜார்ஜியன் மோதிரத்தைப் பார்ப்பவருக்குக் கூடுதல் உரிமை ஒன்று உண்டு. அந்த மோதிரங்களின் நிறக் கற்களில் பல இந்தத் தீவிலிருந்து போனவை. கண்டி அரசில் இரத்தினக்கல் அகழும் உரிமை அரசனுடையது. கரையோரத் துறைமுகங்கள் 1796 வரை ஒல்லாந்தரிடமும் பின்னர் ஆங்கிலேயரிடமும் இருந்தன. கற்கள் அந்த வழியாகக் கப்பல் ஏறின. நீலம், கோமேதகம், பிறகு மாத்தறை வைரம். கடைசியாகச் சொன்னது வைரமே அல்ல. மாத்தறைப் பக்கம் கிடைத்த நிறமற்ற சர்க்கோன் கல். ஐரோப்பியப் பொற்கொல்லர்கள் வைரத்துக்குப் பதிலாக அதை விரும்பிப் பதித்தார்கள்.

மொனராகலை மாவட்டத்தின் ஒக்கம்பிட்டியவிலும் புத்தல பக்கத்திலும் இன்றும் ஆற்றுப் படுகையில் இல்லம் எனப்படும் கல் படிந்த சரளை மண்ணைத் தோண்டி நீலமும் ஸ்பினலும் கார்னெட்டும் எடுக்கிறார்கள். 2012 இல் கதிர்காமத்துக்கு அருகே தம்மன்னாவையில் வீதி வேலைக்காக வெட்டிய மண்ணில் நீலக் கற்கள் கிடைத்து ஊரே திரண்டது பலருக்கு நினைவிருக்கும். கல்லோடு பழகிய கண்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. அந்தக் கண்களைப் பழைய மோதிரத்திலும் பயன்படுத்துங்கள்.

சர்க்கோனை லென்ஸில் பார்த்தால் அடிப்பக்கத்துப் பட்டை விளிம்புகள் இரட்டைக் கோடாகத் தெரியும். மேல் விளிம்புகள் பொடிந்திருக்கும். வைரத்தில் இரண்டும் இரா. கோமேதகத்தின் உட்புறம் சர்க்கரைப் பாகைக் கலக்கிவிட்டதுபோல் சுழன்று சுழன்று தெரியும். சிவப்போ நீலமோ கல்லுக்குள் வளைந்த கோடுகள் இசைத்தட்டின் வரிகளாக ஓடினால் அது உலையில் வளர்த்த கல். வெர்னெய் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த முறையை உலகுக்கு அறிவித்தது 1902 இல். அதற்கு முந்திய கட்டில் அந்தக் கல் இருந்தால் பழைய கல்லை யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

நீலக்கல் மோதிரத்துக்கு இன்னொரு சோதனை. ஊதுகுழல் நெருப்பில் கல்லுக்கு இளஞ்சூடு காட்டும் வழக்கம் இலங்கையில் மிகப் பழையது. ஆனால் பால்போல் மங்கிய கெவுடாக் கற்களை 1,500 பாகைக்கும் மேல் உலையில் வைத்து நல்ல நீலமாக்கும் வேலை 1970களில்தான் பெருகியது. அவ்வளவு சூட்டில் கல்லுக்குள் இருக்கும் பட்டிழை போன்ற நுண் ஊசிகள் கரைந்து உடைந்துபோகும். பரிசோதனைக் கூடத்துக்கு அது தெரியும். கொழும்பு 3 இல் உள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடத்தில் கல்லைச் சோதித்து அறிக்கை பெறலாம். பெரிய விலை கேட்கப்படும் மோதிரத்துக்கு அந்த அறிக்கை இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். ஒரே நிபந்தனை: கல்லைக் கட்டிலிருந்து கழற்றாமல் எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவு பார்த்தால் போதும் என்று முன்பே எழுத்தில் கொடுங்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு எந்த மோதிரம்

பரிசம் போடும் நாளில் பழைய ஆங்கிலேய மோதிரம் ஒன்றைப் பெண்ணின் விரலில் போட விரும்பும் பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். ஒற்றை வைரத்தை உயரக் கால்களில் தூக்கிவைத்த மோதிரம்தான் பழைய வழக்கம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அந்த ஆறு கால் அமைப்பை நியூயோர்க்கின் டிஃபனி நிறுவனம் அறிமுகப்படுத்தியது 1886 இல். ஜார்ஜியன் காலத்தவர் காதலுக்குக் கொடுத்த மோதிரங்கள் வேறு: உட்புறத்தில் ஒரு வரி வாசகம் பொறித்த தங்க வளையம், இரண்டு கைகள் கோத்த மோதிரம், பூந்தொட்டியாகக் கற்கள் பூத்த மோதிரம், ஒரு கல்லைச் சுற்றிச் சிறு கற்கள் வட்டமிட்ட மோதிரம். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கற்களின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கூட்டினால் அன்பு மொழி ஒன்று வரும்படி வரிசையாகப் பதிக்கும் வழக்கமும் வந்தது. 1761 இல் மூன்றாம் ஜார்ஜ் தன் மணமகள் சார்லட்டுக்குத் திருமண மோதிரத்தைக் காக்கும் துணை மோதிரமாக வைரம் பதித்த வளையம் ஒன்றைக் கொடுத்தார். அந்த வடிவம் நெடுங்காலம் நிலைத்தது.

என் கருத்தைக் கேட்டால், தினமும் அணிய ஜார்ஜியன் மோதிரம் வேண்டாம். கொழுந்து பறிக்கும் கைக்கும் பால் வெட்டும் கைக்கும் மட்டும் சொல்லவில்லை. தட்டச்சு செய்யும் கைக்கும் அது தாங்காது. சடங்கு நாளில் அணிந்து, கழற்றிப் பெட்டியில் வைத்து, அன்றாடத்துக்குத் திடமான புதிய மோதிரம் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் அப்பாயியின் மூடிய கட்டு மோதிரம் இருக்குமானால், வெளியே ஜார்ஜியன் மோதிரம் தேடுவதற்கு முன் அதையே நிச்சயதார்த்தத்துக்கு எடுங்கள். அதே கலை அதில் இருக்கிறது. யாருடையது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

தண்ணீர் காட்டாதீர்கள்

நம் வீடுகளில் தங்கத்தைப் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துத் தேய்ப்போம். திறந்த கட்டுக்கு அது நல்ல வழி. மூடிய கட்டுக்கு அது முடிவு. தேய்ந்த விளிம்பு வழியாக ஒரு சொட்டு நீர் உள்ளே போனால் வெளியே வராது. டாக்கு கறுக்கும், கல் இருண்டுவிடும். பசறைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று பரம்பரை மோதிரத்தைச் சுத்தம் செய்யக் கொடுத்தபோது, கடையில் நீரை அதிரவைத்துக் கழுவும் இயந்திரத்தில் போட்டுவிட்டார்கள். ஐந்து கற்களில் மூன்று சாம்பல் நிறமாகத் திரும்பி வந்தன. அந்தத் தகட்டைப் பழையபடி ஆக்க முடியாது. புதிது வைக்கலாம், ஆனால் அதற்குக் கிண்ணத்தைத் திறக்க வேண்டும், திறந்தால் பழைய மூடல் போய்விடும்.

உலர்ந்த மென்மையான தூரிகை, கண்ணாடி துடைக்கும் துணி, இவை போதும். சந்தனம், மஞ்சள், தேங்காயெண்ணெய் பட்ட கையோடு தொடாதீர்கள். கை கழுவும்போது கழற்றுங்கள். வெள்ளி முகப்பில் படிந்த கறுப்பை மினுக்கு மருந்து போட்டு எடுக்காதீர்கள். அந்தக் கறுப்பின் பின்னணியில்தான் கல் எடுப்பாகத் தெரியும்.

ஒக்டோபர் முதல் சனவரி வரை ஊவாவில் மழையும் பனிமூட்டமும் நீங்காது. அந்த மாதங்களில் மோதிரத்தைக் காற்றுப் புகாத சிறு டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். றப்பர் பட்டி போட்டுச் சுற்றி வைக்கும் பழக்கம் இந்தப் பக்கம் அதிகம். அந்தப் பட்டியில் உள்ள கந்தகம் வெள்ளியை அரித்துக் கறுப்பாக்கும். பருத்தித் துணியில் சுற்றுங்கள்.

வளையம் விரலுக்குப் பொருந்தாவிட்டால் பத்தரிடம் போவீர்கள். எல்லாப் பத்தரும் மூடிய கட்டு அறிந்தவர் என்று எண்ண வேண்டாம். போனதும் இப்படிச் சொல்லுங்கள்: “அண்ணே, இது டாக்கு வச்ச பழைய மூடுகட்டு. முகப்புப் பக்கம் நெருப்பு போகக் கூடாது, தண்ணியில போடக் கூடாது, கல்லைக் கழட்டக் கூடாது. இதெல்லாம் இல்லாம செய்ய முடியுமான்னு பார்த்துச் சொல்லுங்க. முடியாதுன்னா அப்படியே குடுத்துருங்க.” நல்ல கைக்காரர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார், மோதிரத்தைத் திருப்பிப் பார்ப்பார். நெருப்பில்லாத வழிகளும் உண்டு. பெரிதாக இருந்தால் வளையத்தின் உட்புறம் மெல்லிய தங்க நாடா ஒன்றைச் சுருளாகச் செருகலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். சிறிதாக இருந்தால் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வது மேல். மெலிந்த பழைய வளையத்தை இழுத்துப் பெரிதாக்கக் கொடுக்காதீர்கள், வெடித்துவிடும்.

அடகும் சட்டமும்

அடகுக் கடையும் வங்கி அடகுப் பிரிவும் தங்கத்தின் எடைக்குத்தான் பணம் தரும். கல்லின் எடையைக் கழித்துவிடுவார்கள், வேலைப்பாட்டுக்கு மதிப்பில்லை. ஜார்ஜியன் மோதிரத்தில் தங்கம் மிகக் குறைவு. மெல்லிய தகட்டில் செய்தது. ஒரு பவுனில் கால்வாசிகூட நிறுக்காத மோதிரம் சேகரிப்பாளரிடம் அதன் தங்கத்தைப்போல் பல மடங்கு விலை பெறலாம். அவசரத்துக்குப் பணம் தேவையென்றால் தேய்ந்த வளையலையோ சங்கிலியையோ அடகு வையுங்கள், இதை வைக்காதீர்கள். மீட்க முடியாமல் போனால் அது ஏலத்தில் போய் உருகும். ஐரோப்பாவிலேயே ஜார்ஜியன் நகைகள் அரிதாகிப்போனதற்குக் காரணம் ஒவ்வொரு தலைமுறையும் பாட்டியின் நகையை உருக்கித் தன் காலத்து மோஸ்தரில் செய்துகொண்டதுதான்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்ப நினைப்பவர்கள் சட்டத்தைத் தெரிந்திருக்க வேண்டும். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முற்பட்டதாக நம்பப்படும் பொருட்களைத் தொல்பொருள் என்று வகுக்கிறது. கண்டி ஒப்பந்தத்தின் அதே நாள். ஜார்ஜியன் காலத்தின் முதல் நூறு ஆண்டுகள் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுகின்றன. தொல்பொருளை அனுமதியின்றி நாட்டிலிருந்து கொண்டுபோக முடியாது. 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டமும் ஏற்றுமதிக்கும் வணிகத்துக்கும் அனுமதிப்பத்திரம் கேட்கிறது. 1780 ஐச் சேர்ந்தது என்று சொல்லி மோதிரம் விற்பவர் பற்றுச்சீட்டில் அதை எழுதித் தயங்காமல் ஒப்பமிடுகிறாரா என்று பாருங்கள். எழுதித் தந்தால் அந்தச் சீட்டோடு தொல்பொருளியல் திணைக்களத்தில் விசாரித்து, தேவையான அனுமதி பெற்ற பிறகே விமான நிலையத்துக்குப் போங்கள். எழுத மறுத்தால் அவர் சொன்ன வயதுக்கு விலை கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு மோதிரம் இருந்தால் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வெள்ளைத் தாளில் வைத்து முன்புறம், பின்புறம், வளையத்தின் உட்புறம் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் படமெடுங்கள். யார் அணிந்தது, எந்தத் தோட்டம், யாரிடமிருந்து வந்தது என்பதை வீட்டில் மூத்தவர் சொல்லச் சொல்ல எழுதி, படங்களோடு சேர்த்து இரண்டு இடங்களில் வையுங்கள். எழுதிவைத்த விவரம் உள்ள மோதிரத்துக்கு விவரமில்லாத மோதிரத்தைவிட எப்போதும் கூடுதல் மதிப்பு உண்டு.